கைகண்ட மருந்தைச் சோதித்தல் தகுமா?

ஒருவன் தான் மெய்யென நம்பிய ஒன்றைப் பிறனொருவனுக்கு எடுத்துரைக்க, அவ்வுரை காரணமாக அப்பிறன் கெடுவானாயின், உரைத்தவன்மேற் பழியுண்டோ, இல்லையோ? அவன் பொய் கூறினானல்லன், வஞ்சித்தானல்லன், ஊதியங் கருதினானுமல்லன், இரக்கத்தினாலேயே கூறினான். ஆயினும் கெட்டவன் கெட்டானே. இவ்வினா ஏட்டில் எழுந்து ஏட்டோடு முடிவதாயின் இதனை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. எமது வளவிலே எழுந்து இன்றுகாறும் எம்மை விடாது தொடர்வதாகலின் எழுதத் துணிந்தேம்.

மாரிமழை பெய்து ஓய்ந்த சின்னாளிலே வேலியோரத்தும் கிணற்றடியிலும் தானே முளைத்தெழுவது கீழ்காய்நெல்லி என்னும் பூண்டு. முழங்காலளவிற்கு மேல் உயராது. இலையின் கீழே கடுகினுஞ் சற்றுப் பெரிய காய்கள் வரிசையாய்த் தூங்குதலின் அதற்கு அப்பெயர் வந்தது. காமாலைக்கு அதுவே மருந்தென்பது எம்மவர் பரம்பரைக் கொள்கை. சமூலமாகப் பிடுங்கிக் கழுவி அரைத்து, பாலிலேனும் மோரிலேனும் கலக்கி, விடியற்காலையில் வெறுவயிற்றிற் கொடுத்து, உப்பும் புளியும் நீக்கிப் பத்தியங் காப்பர். இதனை அறியாத கிழவியர் எம்மூரில் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எம் தம்பிக்குச் செங்கண்மாரி கண்டது. கண்ணும் நகமும் மஞ்சளாயின, உணவு வெறுத்தான். யாமே பூண்டைப் பிடுங்கி அரைத்துக் கொடுத்தேம். மூன்று கிழமையில் மஞ்சள் மாறியது; பசி மீண்டது. அன்றுமுதல் யாம் அதனைக் கைகண்ட மருந்தென்று கூறாத இடமில்லை. பாடசாலையிற் கூறினேம், கோயில் வீதியிற் கூறினேம், கலியாண வீட்டிலுங் கூறினேம். உபாத்தியாயர் வாய்ச்சொல்லாகலின் கேட்டவர் நம்பினர்.

பின்னொருகால் எம் சிறிய தந்தையாரின் மகளுடைய நாயகர், எமக்கு மைத்துனர் முறையினர், கண் மஞ்சளாகி வந்தார். அவருக்கும் அம்மருந்தையே சொன்னேம். ஒரு மாதங் கழிந்தது; மஞ்சள் மாறவில்லை. பத்தியம் பிழைத்திருக்குமென்று மறுபடியுந் தொடங்குவித்தேம். உடல் அரித்தது, மலம் வெளுத்தது, மேனி மெலிந்தது. இரண்டு மாதத்தின் பின்னரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றனர். பித்தம் இறங்கும் குழாயை ஒரு கட்டி அடைத்து நின்றதென்றும், தொடக்கத்திலேயே வந்திருப்பின் சத்திரசிகிச்சைக்கு இடமிருந்திருக்கக் கூடுமென்றும் வைத்தியர் கூறினர். அவ்வாண்டு முடியுமுன் மைத்துனர் காலமானார். அந்தியேட்டியன்று தங்கை எம்மை நோக்கி, "அண்ணை, நீங்கள் நன்மைக்குத்தானே சொன்னீர்கள்" என்றாள். பழித்திருப்பாளாயின் அது எமக்கு இலேசாயிருந்திருக்கும்.

அந்நாள் முதல் யாம் எம்மையே விசாரித்து வருகின்றேம். தம்பி பிழைத்ததை யாம் கண்ணாற் கண்டதன்றோ? கண்டதைச் சொல்வது எங்ஙனம் குற்றமாகும்?

இதனை ஆராய்தற்கு நம்முடைய அளவை நூலே போதும். சிவஞான சித்தியார் பொருளைக் கூறுமுன் பொருளை அளக்குங் கருவியாகிய அளவையை முதற்கண் வைத்தது ஒரு காரணம் பற்றியேயாம். காட்சி, கருதல், உரை என மூன்றனுள் ஏனையவற்றை அடக்கிக்கொள்வது சித்தாந்திகள் வழக்கு. அவ்வழி நின்று வினாவுவாம். யாம் காட்சியாற் கண்டது யாது? தம்பி மருந்துண்டதைக் கண்டேம். மஞ்சள் நீங்கியதையுங் கண்டேம். மருந்து மஞ்சளை நீக்கியதைக் கண்டேமல்லேம். முன் நிகழ்ந்ததும் பின் நிகழ்ந்ததுமே காட்சிக்குப் புலனாயின. இரண்டிற்கும் இடையிலுள்ள காரணத் தொடர்பு கருதலாற் கொள்ளப்பட்டதே. கருதலைக் காட்சியென்று மயங்கிக் "கண்டேம்" என்று ஊரெங்கும் உரைத்தது எம் முதற் பிழை.

கருதலாயினும் அது முறைப்படி செய்யப்பட்டதோ? புகையால் நெருப்பை அனுமிப்பவன், நெருப்புள்ள அடுக்களையிற் புகையிருத்தலை மட்டும் நோக்கினாற் போதாது. நெருப்பில்லாத மடுவிற் புகையின்மையையும் நோக்குதல் வேண்டும். முன்னையதை அந்நுவயம் என்றும் பின்னையதை வெதிரேகம் என்றுங் கூறுவர். கீழ்காய்நெல்லி உண்டார் பிழைத்தனர் என்பது அந்நுவயம். உண்ணாதார் பிழைத்திலர் என்னும் வெதிரேகத்தை யாம் ஒருநாளாவது தேடினேமோ? தேடியிருப்பின், உண்ணாதாரும் பிழைத்தனர் என்பதே விடையாய் வந்திருக்கும். என்னை? அசுத்த நீராலும் உணவாலும் பரவுகின்ற ஏ வகைச் செங்கண்மாரி பெரும்பாலார்க்குச் சில கிழமைகளில் அல்லது சில மாதங்களில் தானே தணிவது. பிராயம் வந்தபின் பீ வகைக் கிருமி தொற்றினவர்களிலும் மிகப் பெரும்பாலார் அதனைத் தம் உடல் வலியாலேயே வென்றுவிடுகின்றனர். தானே விடியும் இராத்திரிக்குச் சேவலைக் காரணமாக்குதல் போன்றது எம் அநுமானம்.

அற்றேல், அம்மருந்து பயனற்றதென்று தள்ளிவிடலாமோவெனின், அதுவும் சோதியாத கூற்றேயாம். எமக்குப் பாலியத்திற் கல்வி புகட்டியது ஒரு மிஷன் பாடசாலை. ஆங்கு விஞ்ஞானம் போதித்த ஆசிரியரொருவர் எம் நாட்டு மூலிகைகளையெல்லாம் மூடத்தனமென்று ஒரு சொல்லாலே ஒதுக்கிவிடுவார். வீட்டிலே எம் பாட்டனாரோ, பரராசசேகரத்திலும் செகராசசேகரத்திலும் வந்தவற்றைச் சோதிக்க நீ யார் என்று வெகுளுவார். யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் விளங்கும் அவ்வைத்திய நூல்களை அவர் கண்ணிலொற்றிக்கொண்டே பிரிப்பார். இருவரும் ஒருவர்க்கொருவர் முற்றும் மாறானவரென்றே யாம் நெடுங்காலம் எண்ணியிருந்தேம். ஐம்பது வயதைக் கடந்தபின்னரே இருவரும் ஒருவரே என்பது புலனாயிற்று. சோதியாமல் இகழ்ந்தார் ஒருவர். சோதியாமற் புகழ்ந்தார் மற்றவர். அவ்விருவர்க்கும் மாணாக்கராகிய யாமும் அவர் பிழையையே செய்தேம்.

இனி, இப்பூண்டைச் சோதித்தவர் வரலாற்றைச் சிறிது கூறுவாம். பீ வகைக் கிருமியின் அடையாளத்தை முதன்முதல் இரத்தத்திற் கண்டறிந்து 1976ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்க அறிஞர் புளும்பேர்க். அவரும் அவரோடு உழைத்தவரும், இந்திய மருத்துவ மரபிற் காமாலைக்கு வழங்கும் இப்பூண்டின் சாரம் அவ்வினக் கிருமி பெருகுதற்கு வேண்டிய நொதியொன்றைச் சோதனைக் குழாயில் தடுக்கின்றதென 1987ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1988ஆம் ஆண்டில் சென்னை ஆராய்ச்சியாளர், அக்கிருமியை உடலில் நெடிது சுமப்போர்க்கு இதன் பொடியை 30 நாள் கொடுத்து, வேறு சிலர்க்கு மருந்தல்லாத போலிப்பொடியைக் கொடுத்து ஒப்பிட்டனர். மருந்துண்ட 37 பேருள் 22 பேரிடத்துக் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலியுண்ட 23 பேருள் ஒருவரிடத்தே மறைந்தது. இலண்டன் நகரத்து லான்செற் என்னும் வைத்தியப் பத்திரிகை இதனை வெளியிட்டபோது, எம்மவர் மகிழ்ந்ததற்கு அளவில்லை. எம் பாட்டனார் இருந்திருப்பின், முன்னமே சொன்னேனே என்றிருப்பார்.

ஆயின் கதை அங்கு முடியவில்லை. 1990ஆம் ஆண்டில் தாய்லாந்திலும், 1994ஆம் ஆண்டில் நியூசிலாந்திலும் வெளிவந்த சோதனைகளில் அப்பயன் தோன்றவில்லை. 2011ஆம் ஆண்டில் இவ்வினப் பூண்டுகளைப் பற்றிய சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த கொக்ரேன் மதிப்பாய்வு, போலிமருந்தினும் இது மிக்கதென்பதற்குத் தக்க சான்றில்லை என முடித்தது. பூண்டின் சாதி வேறு, நிலம் வேறு, பறித்த பருவம் வேறு என்று காரணம் காட்டினாருமுளர். அவை மெய்யாயிருத்தலுங் கூடும். ஆயின் சோதனைக்குமுன் கூறப்படுவது நிபந்தனை. சோதனையிற் பிழைத்தபின் கூறப்படுவது சாக்கு. நிபந்தனையாக முன்வைத்து மறுபடியுஞ் சோதித்தாலன்றிச் சாக்கு சான்றாகாது. மைத்துனரின் மஞ்சள் மாறாதபோது, பத்தியம் பிழைத்தது என்று யாம் கூறினதும் இவ்வகைச் சாக்கேயன்றோ!

இவ்வரலாற்றாற் சென்னை ஆராய்ச்சியாளர்க்கு இழுக்கு யாதுமில்லை. இல்லை என்னும் விடை வருதற்கும் இடம் வைத்து அவர் வினாவினர். அங்ஙனம் வினாவினமையாலேதான் பிறர் அதே வினாவை மறுபடியுங் கேட்டல் கூடிற்று. ஆம் என்னும் விடைக்கு மட்டும் செவியைத் திறந்துவைத்திருப்பவன் வினாவினானல்லன்; தன் குரலின் எதிரொலியையே கேட்டான்.

சோதித்தலுக்கு எதிராகக் கூறப்படும் தடைகளுள் மூன்றை ஈண்டு எடுத்து விடுப்பாம்.

முதலாவது, அது முன்னோரை அவமதிப்பதென்பது. உரையளவையை யாமும் போற்றுகின்றேம். ஆயினும் காட்சிக்கும் கருதலுக்கும் எட்டாத பொருளிலேயே உரை தனித்து ஆட்சி செய்வது. காமாலை மாறிற்றோ மாறவில்லையோ என்பது கண்ணுக்கு எட்டும் பொருள். வைத்திய நூலோர் தாமே, இது கைகண்டது, அநுபோகத்திலுள்ளது என்று அனுபவத்தையே சான்றாக அழைக்கின்றனர். அனுபவத்தைச் சான்றாகக் காட்டியவர், அச்சான்றை மறுபடி விசாரிப்பார்மேற் கோபியார். மேலும், முன்னோர் அனுபவம் எவ்வளவு பெரிதாயினும் அதற்கொரு எல்லையுண்டு. உண்டவுடன் வாந்தியெடுப்பதை ஒருநாளிற் காணலாம். பத்தாண்டு கழித்து வருந் தீங்கை அம்மருந்தோடு தொடுத்துக் காண்டல் ஒரு பரிகாரியாராற் கூடாது. பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிவதற்காக ஒரு மூலிகைக் கலவையை உண்ட பெண்கள் பலர்க்குச் சிறுநீரகம் பழுதுபட்டதென 1993ஆம் ஆண்டில் வைத்தியர் வெளியிட்டனர். சிலர்க்குப் பின்னர்ச் சிறுநீர்ப் பாதையிற் புற்றுநோயுந் தோன்றிற்று. அக்கலவையிற் புகுந்திருந்தது அரிஸ்டலோக்கியா என்னும் பூண்டினம். நம்மவர் விஷக்கடிக்கு வழங்கிவந்த ஈசுரமூலியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அந்நச்சமிலம் இதனிடத்தும் உண்டு. ஈசுரன் திருப்பெயரைத் தாங்கியதாயினும் பெயர் நஞ்சை மாற்றாது. இதனை அறியாது வழங்கிய முன்னோர்மேற் குற்றமில்லை. அறிந்தபின்னும் அவர் பெயரைச் சொல்லி வழங்குவோமாயின், அவமதிப்பு அதுவேயாம்.

இரண்டாவது, ஐயுற்று உண்டால் மருந்து பலியாதென்பது. நம்பிக்கை நோயாளிக்கு ஆறுதல் தருமென்பதை மறுப்பாரில்லை. ஆயின் நம்பினார்க்கே பலிப்பதாயின் பலித்தது நம்பிக்கையன்றி மருந்தன்று. அங்ஙனமாயின் கீழ்காய்நெல்லி எதற்கு, மேல்காய்நெல்லி எதற்கு? எந்தப் புல்லும் அமையுமே. காடும் மலையும் திரிந்து இன்ன நோய்க்கு இன்ன மூலிகையென்று வகுத்த நம் வைத்தியர் உழைப்பையெல்லாம் இத்தடை ஒரு சொல்லில் வீணாக்குகின்றது. நெருப்பு ஐயுற்றவன் கையையுஞ் சுடும், மெய்ம்மருந்தும் அத்தகையதே.

மூன்றாவது தடையே வலியது. நோயாளருட் பாதிப்பேர்க்குப் போலிமருந்து கொடுத்தல் வஞ்சனையன்றோ என்பது. இத்தடை எம்மையும் நெடுநாள் வருத்தியது. கைகண்ட வேறு மருந்து உளதாக, அதனை மறைத்துப் போலியைக் கொடுத்தல் பாதகமே. இதில் இரண்டுபட்ட கருத்தில்லை. ஆனால் மருந்தின் பயன் உண்மையிலேயே ஐயத்துக்கிடமாய் நிற்க, இன்னார்க்கு மருந்தும் இன்னார்க்குப் போலியும் குலுக்கல் முறையால் வருமென்பதை முன்னரே விளங்கவுரைத்து, அவர் மனமிசைந்த பின்னர்க் கொடுப்பின், அங்கே வஞ்சிக்கப்பட்டார் யாவர்? 1964ஆம் ஆண்டில் உலக வைத்தியச் சங்கத்தார் ஹெல்சிங்கி நகரத்துச் செய்த பிரகடனம் நோயாளியின் இசைவையும் அவன் நன்மையையும் ஆராய்ச்சிக்கு வேலியாக வைத்தது. இனி, எம்மை நோக்கி யாமே வினாவுவாம். யாமும் சோதனையே செய்தேம், சோதியாதிருந்தேமல்லேம். பயனறியாத பூண்டை மைத்துனர்க்குக் கொடுத்து என்ன நிகழுமென்று பார்த்தேம். அவர் இசைவை வேண்டினேமல்லேம், இஃது ஐயமுடைத்து என்று அவர்க்குரைத்தேமல்லேம், கணக்கெழுதினேமல்லேம், எப்பொழுது நிறுத்துவதென்று வரையறுத்தேமல்லேம். அறிஞர் செய்வது வேலியிட்ட சோதனை. யாம் செய்தது வேலியில்லாச் சோதனை. அதனைச் சோதனையென்று அழையாமல் அன்பென்று அழைத்தேம், வேறுபாடு அவ்வளவே.

சோதனை பழமையைக் கெடுப்பதென்று அஞ்சுவார் சீன நாட்டு நிகழ்ச்சியொன்றைக் கருதுவாராக. தூ யூயூ என்னும் பெண்மணி மலைச்சுரத்திற்கு மருந்து தேடுகையில், பழைய நூல்களிற் கண்ட மூலிகைகளை ஆராய்ந்துவந்தார். ஒரு பூண்டின் சாரம் ஒருமுறை பயன் தந்தும் மறுமுறை தாராதும் நின்றது. அப்பொழுது நான்காம் நூற்றாண்டினராகிய கோ ஹொங் எழுதிய நூலை மறுபடி வாசித்தார். அதில் அப்பூண்டைக் காய்ச்சும்படி கூறாது நீரில் ஊறவைத்துப் பிழியும்படி கூறியிருத்தலைக் கவனித்து, சூடு மருந்தைக் கெடுக்கின்றதோவென ஐயுற்றுக் குறைந்த வெப்பத்திற் சாரமெடுத்தார். நோயாளர்க்குக் கொடுக்குமுன் தாமும் தம் துணைவருமே உண்டு பார்த்தனர். ஆட்டிமிசினின் என்னும் அம்மருந்து 1972ஆம் ஆண்டிற் பிரித்தெடுக்கப்பட்டு, எண்ணிறந்த உயிர்களைக் காத்தது. 2015ஆம் ஆண்டில் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பழைய நூலாசிரியரை உலகறியச் செய்தது பெட்டியில் வைத்துப் பூசித்தவர் கையன்று. வரிவரியாகச் சோதித்தவர் கையே.

இனி நாம் செய்யத்தக்கது யாது? சைவ நன்மக்களே, ஆராய்ச்சிசாலை கட்ட எல்லாராலுங் கூடாது. ஆயின் இவை எல்லாராலுங் கூடும். ஒருவர் பிழைத்ததைக் கண்டால், ஒருவர் பிழைத்ததைக் கண்டேன் என்று மட்டுமே கூறுதல். கண் மஞ்சளானவரை முதலில் வைத்தியரிடம் அனுப்பி இரத்தத்தைச் சோதிப்பித்தல். மஞ்சளோடு மலம் வெளுத்தலும், உடல் அரித்தலும், மெலிதலும், மயக்கமும் கூடினால் ஒருநாளுந் தாழ்க்காதிருத்தல். தாம் உண்ணும் மூலிகையை அவ்வைத்தியர்க்கு ஒளியாமற் கூறுதல். கீழ்காய்நெல்லியோடு உருவொத்த பூண்டுகள் சில உளவாகலின், பெயரை மட்டும் நம்பாது பூண்டை அறிந்தாரிடத்துக் காட்டித் தெளிதல். நம் பரிகாரியார் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்து, மாறினார் பெயரோடு மாறாதார் பெயரையும் எழுதுதல். மாறினார் நன்றி கூற வருவர். மாறாதார் வாரார், அல்லது வருதற்கு இரார். ஆதலின் அவரைத் தேடிச்சென்று எழுதுதல் வேண்டும். எம் வகுப்பு மாணவர்க்கு அளவை கற்பிக்கையில், புகைக்கும் நெருப்புக்கும் பின் இக்கீழ்காய்நெல்லியையே உதாரணமாகக் காட்டி வருகின்றேம். எம் பிழையையும் மறைப்பதில்லை.

தொடக்கத்தில் வைத்த வினாவிற்கு எமக்குத் தோன்றிய விடை இது. பிழைபட நம்பியது பழியன்று. மனிதவறிவு சிற்றறிவாகலின் அது யார்க்கும் உண்டு. தெளிதற்கு வழியிருந்தும் தெளியாமல், தெளிந்தான்போல உரைத்தது பழியே. திருவள்ளுவர் வாய்மையைத் தீங்கின்மையோடு பிணித்துக் கூறியது, நல்லெண்ணத்தாற் சொன்னேன் என்று ஒதுங்கிவிட எமக்கு இடந்தரவில்லை. நன்மைக்குத்தானே சொன்னீர்கள் என்று தங்கை எம்மை மன்னித்தாள். அம்மன்னிப்பு அவள் பெருமை. அதனை எம் நியாயமாகக் கொள்ள யாம் ஒருப்படோம்.

இம்மாரியிலும் கிணற்றடியிற் கீழ்காய்நெல்லி தழைத்து நிற்கின்றது. யாம் அதனைக் களைந்தெறியவில்லை. அதன்மேல் எமக்கு வெறுப்புமில்லை. அது தன்னைப் பற்றி யாதொன்றும் கூறவில்லை, கூறினவர் யாமே.